உறுதிமொழித் தாளில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

மதிப்பிற்குரிய பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும், ஆசிரியர்களுக்கும், அன்றைக்குக் கூட்டத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த அம்மா அப்பாக்களுக்கும் வணக்கம்.

கூட்டம் முடியும் நேரத்தில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தீர்கள். "இன்று முதல் எந்த விதமான வீடியோ கேமும் விளையாட மாட்டேன்" என்று பிள்ளை உறுதி சொல்ல வேண்டும். "வீட்டில் அதற்கு இடம் தர மாட்டேன்" என்று பெற்றவர் உறுதி சொல்ல வேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. பக்கத்தில் இருந்தவர்கள் மளமளவென்று போட்டு நீட்டினார்கள். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வகுப்பாசிரியை இரண்டு தடவை என் மகனிடம் கேட்டு அனுப்பிவிட்டார். அவன் என்ன பதில் சொல்வான், பாவம். பதில் சொல்ல வேண்டியவள் நான். எல்லோரும் படிக்கும்படி இதை எழுதக் காரணம், இதே மாதிரித் தாள் நாளைக்குக் காரைக்குடியில் இன்னொரு பள்ளியிலும், தேவகோட்டையிலும், புதுவயலிலும் நீட்டப்படலாம் என்பதுதான்.

முதல் காரணம் எளிது. அதில் கையெழுத்துப் போட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். எங்கள் வீட்டில் அதிகமாக வீடியோ கேம் விளையாடுவது என் மகன் இல்லை, நான். எனக்கு 39 வயது. ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமைத்து, பாத்திரம் கவிழ்த்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மகனின் வீட்டுப்பாடத்தை ஒரு பார்வை பார்த்து முடிக்கும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் எனக்கு. பல வீடுகளில் அந்த நேரத்துக்கு சீரியல் ஓடுகிறது, சிலர் செல்லில் வீடியோ தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நான் கன்ட்ரோலரை, அதாவது கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவியை, எடுத்துக்கொண்டு பட்டாலையில் (கூடத்தில்) டிவி முன்னால் உட்காருவேன். எங்கள் வீட்டில் இதற்குச் சட்டம் உண்டு. தேன்குழல் தின்ற கையோடு கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. கதவை மூடிக்கொண்டு ஆடக்கூடாது. தோற்றால் கன்ட்ரோலரை எறியக்கூடாது. மூன்றாவது சட்டம் என் அப்பத்தா காலத்திலிருந்து வருவது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குப் பேச வந்தவர் வீடியோ கேமைப் போதை மருந்து என்றார். சூதாட்டம் என்றார். பிள்ளைகளை மூளையில்லாத பிண்டமாக்கும் என்றார். எனக்குப் பின் வரிசையில் ஒரு அம்மா அழுதேவிட்டார். அவர் அழுதது என் காதில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் கோபமாக எழுதக்கூடாது என்று இரண்டு வாரம் ஆறப்போட்டு எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது பல பங்காளிகளுக்குப் பொதுவான, நடுவில் முற்றம் வைத்த வளவு வீட்டில். வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் அறைகள், விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் இரட்டைக் கதவு. வளவுத் தாழ்வாரத்தில் அப்பத்தா சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கீறி எங்களைத் தாயத்துக்கு உட்கார்த்தி வைப்பார். இரண்டு பித்தளைக் கட்டை. உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் கல் தரையில் கிணுங் என்று சத்தம் வரும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். விழாவிட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். காய் பழமாக இன்னும் நாலு கட்டம்தான் என்று இருக்கும்போது பின்னால் வந்து வெட்டுவார்கள். வெட்டுப்பட்டு அழுத பிள்ளைக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் கிடையாது. அப்பத்தா அதில் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை. நான் தோற்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அதே தாழ்வாரத்துக்கு 1990களின் கடைசியில் சித்தப்பா ஒருவர் டிவி கேம் கொண்டுவந்தார். மஞ்சள் நிறக் கேசட். மேலே ஆயிரக்கணக்கில் ஆட்டம் இருப்பதாகப் படம் போட்டிருக்கும். உள்ளே இருப்பது என்னவோ ஏழெட்டுதான், அதுவே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருக வேண்டும். என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இது ஞாபகம் இருக்கும். நானும் அண்ணனும் ஆடியது கான்ட்ரா. அதில் மூன்றாவது கட்டம் அருவி. இரண்டு பேரும் பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். ஒருவர் முந்திக்கொண்டு ஏறினால் திரையும் அவரோடு மேலே நகர்ந்துவிடும். கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய் உயிரை விடுவார். அண்ணன் முதல் ஒரு வாரம் என்னை விட்டுவிட்டு ஏறிக்கொண்டே இருந்தான். நான் செத்துக்கொண்டே இருந்தேன். மேலே போய்த் தனியாக நின்றால் அங்கே அவனும் தாக்குப்பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அவனாகவே ஒரு பாறையில் நின்று, "நீ வா, நான் நிற்கிறேன்" என்றான். வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ தடவை "தங்கச்சியை விட்டுட்டுப் போகாதே" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்டது அந்த அருவியில்தான்.

இதைச் சொல்வதால் எல்லா வீடியோ கேமும் நல்லது என்று நான் வாதாட வரவில்லை. ஆடுகிறவள் என்பதால் அதில் கெட்டது எது என்பதும் எனக்குத் தெரியும், அதையும் எழுதத்தான் போகிறேன். அதற்கு முன் என் வீட்டில் அது என்னவாக இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார். செட்டிநாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. என் ஐயா, அதாவது தாத்தா, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். போனால் மூன்று வருடம். கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்று அப்பத்தா சொல்லியிருக்கிறார். பர்மா தேக்கில் தூண் வைத்துக் கட்டிய வீடுகளில் பெண்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்பதை நம்மில் பலர் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இப்போது வீடியோ கால் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தினமும் முகத்தைப் பார்த்துப் பேசினால் நாலாவது நாள் பேச்சு தீர்ந்துவிடுகிறது. "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்." "பையன் படிக்கிறானா?" "படிக்கிறான்." அதற்கு மேல் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம்.

போன வருடம் அவர் ஒரு விளையாட்டைச் சொன்னார். பெயர் இட் டேக்ஸ் டூ. ஸ்வீடனில் உள்ள ஹேஸ்லைட் என்கிற நிறுவனம் செய்தது, 2021-இல் வெளிவந்தது. அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்று கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிசு வாங்கியது. அதைத் தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் காசில்லாமல் சேர்ந்து ஆடலாம். பிரிந்துவிடலாம் என்று முடிவு செய்த ஒரு கணவனும் மனைவியும் சின்னப் பொம்மைகளாகிவிடுகிறார்கள். தங்கள் வீட்டுக் கொல்லையையும் பட்டறையையும் கடந்து மகளிடம் திரும்பிப் போக வேண்டும். ஒரு கட்டத்தில் அவன் கையில் ஆணி, இவள் கையில் சுத்தியல். அவர் தூரத்து மரத்தில் ஆணியை எறிவார். நான் தாவிச் சுத்தியலை அந்த ஆணியில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி ஆடி, அந்தப் பக்கம் போக வேண்டும். அவர் ஒரு நொடி தவறினால் நான் விழுவேன். நான் அவசரப்பட்டால் ஆணி வருவதற்கு முன்பே விழுவேன். ஞாயிற்றுக்கிழமை நமக்கு மூன்று மணி, அங்கே ஐந்தரை. அவர் மூன்று பேரோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மெதுவாக, "இப்ப... இப்ப தாவு" என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுக்கொள்வதில்லை. சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் ஒரே வீட்டில் நாங்கள் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூட வராது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடித்தது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் அந்த விளையாட்டுக்குள்தான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் கேபிள் போகிறது. ரஜூலா போன அதே கடல். நான் பொத்தானை அழுத்துவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அங்கே தெரிந்துவிடுகிறது. அப்பத்தா இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக் காட்டியிருப்பேன்.

மாமியாருக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. பொம்பளைக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று ஒரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவரை மாற்றியது நான் இல்லை, வெண்பா. 2023-இல் வந்த சின்ன விளையாட்டு. கனடாவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதை 2024-இல் வாங்கியது. 1980களில் டொராண்டோவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் வெண்பா. அவளுடைய அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாமே யோசித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. நான் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஊஞ்சலில் இருந்த மாமியார் எழுந்து வந்து, "ஏத்தா, ஒரே நேருக்கு வச்சா அடி இட்லி நசுங்கிப்போகும், தட்டைத் திருப்பி வையி" என்றார். திருப்பி வைத்தேன், சரியாக வந்தது. அன்றைக்கு முழுக் கதையும் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. மகன் தமிழில் பேசக் கூச்சப்படும் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கவலை அவனைப் போன்றவர்களைப் பற்றித்தானே.

அவன் ஏழாம் வகுப்பு. மைன்கிராஃப்ட் ஆடுகிறான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டை கட்டையாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். ஒரு கட்டை ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் என்று கணக்கு. போன கோடை விடுமுறையில் எங்கள் வளவு வீட்டை அதில் கட்டுகிறேன் என்று ஆரம்பித்தான். இரண்டு நாளில் மாட்டிக்கொண்டான். முகப்பு எவ்வளவு அகலம், வளவு எவ்வளவு நீளம், இரண்டாம் கட்டு எங்கே தொடங்குகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். பங்காளி வீட்டு ஐயா ஒருவர் எதற்கு என்று கேட்டு, விவரம் சொன்னதும் அவரே சாவி எடுத்துவந்து நாங்கள் பார்க்காத அறைகளைத் திறந்துவிட்டார். மழைத் தண்ணீர் நாலு பக்கக் கூரையிலிருந்தும் முற்றத்தில் விழுந்து, எந்த வழியாக வெளியேறி ஊருணிப் பக்கம் போகும் என்று கையைக் காட்டிச் சொன்னார். தூண் ஒரு மீட்டரை விட மெல்லியது, கட்டையோ ஒரு மீட்டர். அப்படியே வைத்தால் தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. வீட்டையே இரண்டு மடங்காக்கிக் கட்டினான். எல்லா அளவையும் இரண்டால் பெருக்கி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். கணக்குப் பாடத்தில் விகிதம் என்று நடத்துகிறீர்களே, அது அந்த நோட்டில் இருக்கிறது.

தரைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மைன்கிராஃப்டில் மெருகேற்றிய சுடுமண் கட்டை என்று ஒன்று உண்டு, பதினாறு நிறம். ஒவ்வொன்றிலும் ஒரு கோலம். நாம் எந்தத் திசையைப் பார்த்து நின்று வைக்கிறோமோ அதற்கேற்ப அந்தக் கோலம் திரும்பும். நாலு கட்டையை நாலு திசைக்குத் திருப்பி வைத்தால் நடுவில் ஒரு பூ கூடும். அவன் அதைக் கண்டுபிடித்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டுத் தரையைக் காட்டினான். ஆத்தங்குடிக் கல்லிலும் அப்படித்தான், நாலு கல் சேர்ந்தால்தான் பூ. நான் அந்தத் தரையில் தவழ்ந்து, நடந்து, கூட்டிப் பெருக்கி வளர்ந்தவள். ஒருநாளும் கவனித்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடிக்கே அழைத்துப்போனேன். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, நிறக் கலவையை அறை அறையாகக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான். கலவை ஊற்றுகிறவரிடம், "நிறம் ஒன்றோடொன்று கலக்காதா?" என்று கேட்டான். "அச்சைத் தூக்குற கையிலதாண்டா இருக்கு" என்றார் அவர்.

"எந்த விதமான வீடியோ கேமும்" என்று தாளில் இருக்கிறதே, அந்த வார்த்தைக்குள் இந்த வீடும் அடங்கும். அதனால்தான் என்னால் பேனாவைத் திறக்க முடியவில்லை.

இனி உங்கள் பக்கத்து நியாயம். அது எனக்குப் புரியாமல் இல்லை. பணம் வைத்து ஆடும் ரம்மி, போக்கர் போன்றவை நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்பதைச் செய்தியில் படித்திருக்கிறோம். அதற்காகத்தான் தமிழ்நாடு 2022-இல் தனிச் சட்டம் இயற்றியது. மத்திய அரசும் 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் சட்டம் கொண்டுவந்து பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அது மூன்றாகப் பிரிக்கிறது. பணம் வைத்து ஆடுவது ஒன்று. மின்விளையாட்டுப் போட்டி ஒன்று. பொழுதுபோக்குக்கும் கற்பதற்குமான விளையாட்டு ஒன்று. முதலாவதைத் தடுக்கிறது, மற்ற இரண்டையும் ஊக்குவிக்கச் சொல்கிறது. நாடாளுமன்றம் பிரித்துப் பார்த்ததை நம் தாள் ஒன்றாகக் கட்டிப் போட்டுவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பதை அன்றைக்குப் பேசியவர் சொன்னார். சரிதான். 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் அடையாளத்தை அவர் சொல்லவில்லை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு தூக்கம் படிப்பு உறவு எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாகிவிடுவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிப்பது. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதற்கு வேண்டியது மருத்துவர். கையெழுத்து அதைக் காப்பாற்றாது. பின் வரிசையில் அழுத அம்மா இதைப் படித்தால், உங்கள் மகன் அந்த நிலையில் இருக்கிறானா என்று தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரிடம் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன்.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறு இரண்டு. ஒன்று, விளையாட்டு இலவசமாக இருக்கும், உள்ளே துப்பாக்கிக்குச் சட்டை, ஆளுக்குத் தொப்பி என்று காசுக்கு விற்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அப்பாவின் செல்லில் இருந்த யுபிஐ எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக டைமண்ட் வாங்கியிருக்கிறான். அந்தக் குடும்பத்தில் அந்த மாதம் சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த பணம் போய்விட்டது. விஷயம் அவனுக்கு அடி விழுந்ததோடு முடிந்தது. ஆனால் அவனுக்கு அது காசு என்றே முழுதாகப் புரியவில்லை. டைமண்ட் என்றுதான் திரையில் இருந்தது. இதை அந்த நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பிள்ளைக்குக் கணக்கு மறக்க வேண்டும் என்பதற்காகத்தான் ரூபாயை டைமண்டாக மாற்றிக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைத்து வைக்கலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டால் எந்தச் செயலி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதையும் நம் செல்லிலிருந்தே கட்டுப்படுத்தலாம். இரண்டும் இலவசம், பத்து நிமிட வேலை. அந்தக் கூட்டத்தில் இதை ஒருவராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

இரண்டாவது, வயது. சினிமாவுக்கு ஏ சான்றிதழ் இருந்தால் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். ஜிடிஏ 5 என்கிற விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 18 என்று முத்திரை. ஏழாம் வகுப்பில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று என் மகன் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வீட்டுப் பெரியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கார் ஓட்டுகிற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மைன்கிராஃப்டும் ஜிடிஏயும் ரம்மியும் நமக்கு ஒரே வார்த்தைதான், வீடியோ கேம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. நாம் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால், ரம்மியைத் தொடாதே என்று நாம் சொல்வதையும் அவர்கள் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளால் பையன்கள் நிறுத்தப் போவதில்லை. நண்பன் வீட்டு மாடியில், ட்யூஷனுக்குப் போகிற வழியில், யார் செல்லிலாவது ஆடுவார்கள். நிறுத்தப்படுவது பெண் பிள்ளைகள். வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, நன்றாக வரைவாள், என் மகனோடு சேர்ந்து அந்த வீட்டின் முகப்புக்குச் சுதைச் சிற்பம் வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு மறுநாள் அவளுடைய செல்லை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். கஜலட்சுமிக்கு ஒரு பக்கத்து யானை மட்டும் முடிந்திருக்கிறது. மற்றதை அவன் செய்யாமல் வைத்திருக்கிறான், அது அவளுடையது என்கிறான். நான் பன்னிரண்டு வயதில் கான்ட்ரா ஆடியபோது என்னை யாரும் தடுக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். இந்தப் பிள்ளைக்கு அது இல்லாமல் போனதில் நம் தாளுக்குப் பங்கு இருக்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு தாள் கொடுங்கள். பிள்ளை இப்படி எழுதித் தரட்டும்: பணம் வைத்து எதுவும் ஆட மாட்டேன், கேட்காமல் எதையும் வாங்க மாட்டேன், என் வயதுக்கு மீறியதைத் திறக்க மாட்டேன், நடுவீட்டில் எல்லோரும் பார்க்கத்தான் ஆடுவேன், சொன்ன நேரத்தில் நிறுத்துவேன். பெற்றவர் இப்படி எழுதித் தரட்டும்: வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், என்ன நடக்கிறது என்று கேட்பேன், ஆட்டத்தின் நடுவில் செல்லைப் பிடுங்க மாட்டேன். கடைசியில் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியும். நாலு பேர் ஒரு அணியாக ஆடும்போது நடுவில் ஒருவன் காணாமல் போனால் மற்ற மூன்று பேரும் தோற்பார்கள், மறுநாள் பள்ளியில் அவனைத்தான் திட்டுவார்கள். "இந்த ஆட்டத்தோடு போதும்" என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். பாதியில் பிடுங்கினால்தான் சண்டை. அந்தத் தாளில் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

அப்புறம், சனிக்கிழமை மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை கம்ப்யூட்டர் அறையைத் திறந்து விடுங்கள். அங்கே இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள்தான் என்று தெரியும். மைன்கிராஃப்ட் போலவே கட்டை அடுக்கும் லுவாண்டி என்று ஒன்று உண்டு, முன்பு மைன்டெஸ்ட் என்ற பெயர். காசு இல்லை, விளம்பரம் இல்லை, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்கிராட்ச் என்கிற மென்பொருள் 2007-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பிள்ளைகள் விளையாட்டை ஆடுவதோடு அவர்களே செய்யவும் செய்யலாம். முதல் மாதத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்: தாயம். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம், தாயம் விழுந்தால் காய் இறங்க வேண்டும், வெட்டினால் மறு ஆட்டம் கிடைக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், எழுத உட்கார்ந்தால் தெரியும். பெண் பிள்ளைகளும் வர வேண்டும், அதை நீங்கள் பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். என்னிடம் நாலு கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு இடது பக்கக் குச்சி தேய்ந்து, யாரும் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருந்தது. சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். நானே திருகைக் கழற்றி, குச்சியின் அடியில் இருக்கும் சின்னப் பகுதியை மாற்றிச் சரிசெய்துவிட்டேன். பிள்ளைகளுக்கு அதையும் காட்டலாம்.

அந்த இரண்டு மணி நேரமும் நான் அங்கேயே இருப்பேன். சம்பளம் எதுவும் வேண்டாம். பெற்றோர் யார் வேண்டுமானாலும் வரலாம், உட்கார்ந்து பார்க்கலாம், ஆடலாம். அன்றைக்குப் பேச வந்தவரையும் அழையுங்கள். அருவியில் எனக்கு ஜோடியாக அவர் ஆடட்டும்.

நீங்கள் கொடுத்த தாளை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். பின்பக்கத்தில் என் மகன் வளவு வீட்டின் வரைபடத்தைப் போட்டிருக்கிறான். தெரியாமல் அந்தத் தாளை எடுத்துவிட்டான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அளவெல்லாம் சரியாக இருக்கிறது.

அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாமியார் அதைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டார். அறையைத் திறப்பதாகச் சொல்லி அனுப்பினால் முதல் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். ஸ்கிராட்சில் எழுதப் போகும் பிள்ளைகள் முதலில் ஒரு ஆட்டம் கையால் உருட்டிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
காரைக்குடி.